குமரி மாவட்டத்துக்கு ஏற்ற கட்டில்: முதல்முறை வாங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

நம் பக்கம் கட்டில் வாங்குவது பெரும்பாலும் இரண்டு சமயங்களில்தான். ஒன்று கல்யாணம், இன்னொன்று புது வீட்டுப் பால்காய்ப்பு. இரண்டிலும் அவசரம் இருக்கும். நாலு பேர் வந்து பார்ப்பார்கள் என்ற நினைப்பும் இருக்கும். அதனால் கடைக்குள் நுழைந்ததும் கண் தலைமாட்டுப் பலகைக்குப் போய்விடுகிறது. செதுக்கு வேலை, குஷன், கண்ணாடி, சின்ன விளக்கு என்று எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் படுக்கிறவரின் பாரத்தைச் சுமப்பவை பக்கச் சட்டங்கள், நடுச் சட்டம், அவை காலோடு சேரும் மூட்டுகள். மெத்தைக்கு அடியில் மறைந்திருப்பதால் அவற்றைக் கடைக்காரர் காட்டுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

இன்னொரு விஷயம் நம் ஊர்க் காற்று. தென்மேற்குப் பருவமழையும் நமக்கு உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனில் மரம் குடிக்கத் தொடங்கும் ஈரம் டிசம்பர் வரை முழுதாக இறங்குவதில்லை. மதுரையில் இருக்கும் அத்தை வீட்டில் நன்றாக நிற்கிறது என்று அதே சாமானை இங்கே வாங்கிப் போட்டால் சரிவரும் என்று சொல்ல முடியாது. ஆகவே கடைக்குப் போகும் முன்பே வீட்டில் தொடங்க வேண்டிய வேலை இது.

1. முதலில் வீடு எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள்

சின்ன மாவட்டம்தான், ஆனால் ஈரம் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் கணவாய்க் காற்று அடித்து ஓரளவு காய்ந்திருக்கும். திருவட்டாறு, குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் தோட்டமும் மலையும் சேர்ந்து மழையும் நிழலும் அதிகம். மழைக்காலத்தில் பீரோவில் மடித்து வைத்த துணிகூடப் பூத்துப்போகும். மணக்குடி, முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் போன்ற கரையோர ஊர்களில் ஈரத்தோடு உப்பும் சேர்ந்து வருகிறது.

கடலோர வீடு என்றால் இரும்புக் கட்டிலை யோசித்துத்தான் வாங்க வேண்டும். மலையோர வீடு என்றால் மரத்தூளை அழுத்திச் செய்த தூள் பலகைக் கட்டிலைத் தவிர்த்துவிடுங்கள். எந்தப் பக்கமானாலும் மழைத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறும் இடம் என்றால் இது இன்னும் முக்கியம். 2021 நவம்பர் மழையில் மாவட்டத்தின் தாழ்வான பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது நினைவிருக்கும். அப்படி நனைந்தால் நல்ல மரம் கழுவித் துடைத்து நிழலில் உலர்த்த, பெரும்பாலும் மீண்டும் உதவும். தூள் பலகை ஒருமுறை ஊதிவிட்டால் திரும்பிச் சுருங்காது, அதில் ஆணியும் நிற்காது.

2. அறையை அளந்து, கட்டிலைத் தரையில் வரைந்து பாருங்கள்

கடையில் ஆறேகாலுக்கு அஞ்சு, ஆறரைக்கு ஆறு என்று அடிக்கணக்கில் சொல்வார்கள். அது பெரும்பாலும் மெத்தையின் அளவு. ஆறேகால் அடி என்றால் 75 அங்குலம், ஆறரை அடி என்றால் 78 அங்குலம். அகலத்தில் ஐந்தடி, அதாவது 60 அங்குலத்தைக் குயின் என்பார்கள். ஆறடி, அதாவது 72 அங்குலத்தைக் கிங் என்பார்கள். கட்டிலின் வெளி அளவு இதைவிடக் கூடும். பக்கத்துக்கு ஒன்றரை அங்குலச் சட்டம் வைத்தாலே அகலத்தில் மூன்று அங்குலம் ஏறிவிடும். தலைமாட்டுப் பலகை சாய்வாக இருந்தால் நீளத்திலும் கூடும்.

பத்துக்குப் பத்து அறையை எடுத்துக்கொள்வோம். கிங் கட்டிலை நடுவில் போட்டால் இருபக்கமும் 22 அங்குலம்தான் மிஞ்சும். பீரோக் கதவைத் திறந்துகொண்டு ஒருவர் நிற்க அது போதாது. குயின் என்றால் இருபக்கமும் 28 அங்குலம் கிடைக்கும், நடமாட முடியும். இரண்டு பேர் மட்டும் படுக்கும் அறைக்கு என் பரிந்துரை குயின்தான். நடுவில் குழந்தையும் படுக்கும் என்றால் மட்டும் கிங்கை யோசியுங்கள்.

சாக்பீஸ் எடுத்துத் தரையில் வெளி அளவைக் கோடு போடுங்கள். கோட்டுக்குள் கால் வைக்காமல் கதவைத் திறந்து, பீரோவைத் திறந்து, ஜன்னல் கொண்டியைப் போட்டுப் பாருங்கள். வடக்கே தலை வைக்க வீட்டுப் பெரியவர்கள் விட மாட்டார்கள் என்றால் தலைமாடு எந்தச் சுவர் என்பதையும் இப்போதே முடிவுசெய்துவிடுங்கள். அந்தச் சுவரில் ஜன்னல் இருந்தால் உயரமான பலகை காற்றை மறைக்கும். மின்விசிறி நெஞ்சுக்கு நேராக வருகிறதா, ஸ்விட்ச் போர்டு பலகைக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறதா என்பதையும் அந்தக் கோட்டை வைத்தே பார்த்துவிடலாம்.

பிறகு வாசல், மாடிப்படித் திருப்பம். பழைய ஓட்டு வீடுகளில் உள்ளறைக் கதவு குறுகலாக இருக்கும். தலைமாட்டுப் பலகை ஒரே துண்டு, அதைப் பிரிக்க முடியாது. கதவின் அகலத்தையும் உயரத்தையும் படித் திருப்பத்தின் அகலத்தையும் ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள்.

3. என்ன மரம்?

இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. வீட்டுப் புரையிடத்தில் (வீட்டைச் சுற்றிய தோட்டத்தில்) நிற்கிற பலாவோ அயனியோ மகாகனியோ தேக்கோ பலருக்குச் சொந்தமாகவே இருக்கிறது.

தேக்கு எல்லோருக்கும் தெரிந்தது. ஈரத்தில் அதிகம் ஊதாது, சுருங்காது, கரையானும் எளிதில் தொடாது. ஆனால் இந்தக் குணமெல்லாம் மரத்தின் நடுவில் இருக்கும் வைரப் பகுதிக்குத்தான். ஓரத்தில் வெளிறியிருக்கும் வெள்ளைப் பகுதி, தேக்கே ஆனாலும், பூச்சிக்கும் கரையானுக்கும் சாப்பாடு. சின்ன வயதில் வெட்டிய மரத்தில் வெள்ளை அதிகம், வைரம் குறைவு. அதனால் ‘தேக்கா?’ என்று கேட்டால் மட்டும் போதாது, ‘வெள்ளை எவ்வளவு?’ என்றும் கேட்க வேண்டும். பர்மா, நிலம்பூர் என்று பெயர் சொல்லி விலை கூட்டுவார்கள். ஊர்ப்பெயரை நீங்கள் சரிபார்க்க வழியில்லை. வெள்ளையையும் வைரத்தையும் கண்ணால் பார்க்கலாம்.

அயனிக்கு உரிய மதிப்பை நாம் கொடுப்பதில்லை என்பது என் எண்ணம். கேரளத்தில் ஆஞ்சிலி என்று சொல்லி வள்ளம் கட்டிய மரம் இது. தண்ணீரைத் தாங்கும், கரையானை எதிர்க்கும், தேக்கைவிடக் குறைந்த விலைக்கே பெரும்பாலும் கிடைக்கும். கட்டில் காலுக்கும் சட்டத்துக்கும் அருமையானது. பலாவும் அப்படித்தான்: அறுத்தவுடன் மஞ்சளாக இருக்கும், போகப் போகக் கருஞ்சிவப்பாக மாறும். கனம் அதிகம், அடிக்கடி இடம் மாற்றுகிறவர்களுக்குச் சிரமம்; ஒரே இடத்தில் கிடக்கப் போகிற கட்டில் என்றால் அந்தக் கனமே நல்லது. மகாகனி பார்க்க அழகாக இருக்கும், இழைக்க எளிது. தரை காய்ந்திருக்கும் அறைக்குத் தாராளமாகப் போடலாம்.

ரப்பர் மரத்தைப் பற்றி நிறையக் கேள்வி வருகிறது, ஏனென்றால் நம் கண்ணெதிரே வெட்டி லாரியில் ஏற்றுகிறார்கள். பச்சையாக அறுத்து அப்படியே பயன்படுத்தினால் ரப்பர் மரம் தேறாது. அதில் மாவுச்சத்து அதிகம். பூசணமும் உளுப்பூச்சியும் உடனே பிடிக்கும். போரான் மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்திய பிறகு அது நல்ல சாமான்தான். அப்படிச் செய்ததா என்று கேளுங்கள். பலகையில் நீலமும் கறுப்புமாகக் கறை ஓடியிருந்தால் மரத்தை நேரத்தில் மருந்துக்குள் கொண்டுபோகவில்லை என்று அர்த்தம். மருந்து ஏற்றியதையும் தண்ணீர் படவிடக் கூடாது, போரான் தண்ணீரில் கரைந்து வெளியேறும். தினமும் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிற தரையில் அதை நேரடியாக நிறுத்தாதீர்கள்.

பிளைவுட் கட்டில் என்றால் ஐ.எஸ். 710 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா பாருங்கள். 72 மணி நேரம் கொதிநீரில் வைத்தும் ஒட்டு விடக் கூடாது என்பது அந்தத் தரத்துக்கான சோதனை. நம் ஈரத்துக்கு அது வேண்டும். கடைக்காரர் சொல்வதோடு விடாமல் பலகையில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள்.

இரும்புக் கட்டிலில் குழாயின் தடிமனைக் கேளுங்கள். கேஜ் எண் கூடக் கூடத் தகடு மெலியும்: 16 கேஜ் என்றால் சுமார் 1.6 மில்லிமீட்டர், 18 கேஜ் என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர். இருவர் படுக்கும் கட்டிலுக்கு 16 வேண்டும். கடலோரத்தில் துரு முதலில் பிடிப்பது பற்றவைத்த இடத்திலும், குழாயின் திறந்த முனையிலும்தான். அந்த இரண்டையும் விரலால் தடவிப் பாருங்கள். பெயின்ட் ஏறாத மூலை எப்போதும் அடிப்பக்கம் இருக்கும். ஸ்டெயின்லெஸ் என்றால் 304 தரம் கேளுங்கள். காந்தம் ஒட்டவில்லை என்று காட்டி அதைவிடத் தரம் குறைந்த 202-ஐயும் விற்கலாம், இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. பில்லில் எண்ணை எழுதி வாங்குவதே பாதுகாப்பு.

4. கட்டிலுக்கு அடியில் குனிந்து பாருங்கள்

இந்த ஒரு வேலையைச் செய்ய வெட்கப்படாதீர்கள். தக்கலைப் பக்கம் ஒரு வயதான ஆசாரி, கட்டில் பார்க்க வந்த பையனிடம் சொன்னதைக் கேட்டிருக்கிறேன்: “மக்களே, மேல பாத்தா பாலிஷ்தான் தெரியும். கீழ படுத்துப் பாரு, தடி தெரியும்.” தடி என்றால் மரம். செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு குனியுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது நடுச் சட்டம். ஐந்தடி அகலக் கட்டிலில் தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நடுவில் ஒரு சட்டம் ஓட வேண்டும், அதற்குத் தரையைத் தொடும் ஒரு கால் வேண்டும். ஆறடி அகலம் என்றால் இரண்டு கால். ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், ஒரு பட்டை தாங்கும் இடைவெளி பாதியானால் அதே பாரத்துக்கு அதன் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஐந்தடிப் பட்டையை நடுவில் தாங்கினால் இரண்டரை அடிப் பட்டையாகிவிடுகிறது. நடுச் சட்டம் இல்லாத கட்டிலில்தான் கொஞ்ச நாளில் இருவரும் நடுப்பள்ளத்துக்கு உருண்டு வருவார்கள். காலையில் இடுப்பு பிடிக்கிறதென்று மெத்தையை மாற்றிப் பயனில்லை.

அடுத்தது குறுக்குப் பட்டைகள். மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிமன் இருந்தால் நல்லது. முக்கால் அங்குலம் போதும் என்பார்கள். பார்க்கக் கால் அங்குலம்தான் குறைவு, ஆனால் வளைவு இரண்டு மடங்குக்கு மேல் கூடிவிடும். பட்டைக்கும் பட்டைக்கும் இடையே மூன்று அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. போனால் கயிற்று நார் மெத்தையும் ஃபோம் மெத்தையும் அந்த இடைவெளியில் இறங்கத் தொடங்கும். கையால் ஒவ்வொரு பட்டையையும் தட்டுங்கள். கணுவோடு இருக்கும் பட்டையை மாற்றச் சொல்லுங்கள், கணு இருக்கும் இடத்தில்தான் அது முறியும்.

பட்டைக்குப் பதில் முழுப் பிளைவுட் பலகை போட்டிருந்தால்? உறுதி இருக்கும், காற்று இருக்காது. நம் உடம்பின் வியர்வை மெத்தை வழியாக இறங்கி அந்தப் பலகையில் தங்கும்; ஆடி மாதம் மெத்தையைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கறுப்புப் புள்ளி பிடித்திருக்கும். பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்கள் அங்கே 64 வகை மூலிகை மரங்களால் ஆனதாகச் சொல்லப்படும் ராஜா கட்டிலைப் பார்த்துவிட்டு வருவார்கள். நான் அங்கே பார்க்கச் சொல்வது காற்று நுழையும் மர அழிகளையும் (மரக் கம்பித் தடுப்புகளையும்) தாழ இறங்கிய கூரையையும். மழை மேலே படாமலும் காற்று நிற்காமல் ஓடவும் கட்டியிருப்பதால்தான் இதே மழையில் அவ்வளவு மரமும் நின்றிருக்கிறது. கட்டிலுக்கும் அதே வழிதான். பிளைவுட் தான் வேண்டும் என்றால் அரையடிக்கு ஒன்றாக ஒரு அங்குலத் துளை போடச் சொல்லுங்கள்.

மூட்டுகளுக்கு வருவோம். தலைமாடும் பக்கச் சட்டமும் சேரும் நான்கு மூலைகள்தான் கட்டிலின் ஆயுள். ஆசாரி செய்யும் நல்ல கட்டிலில் சட்டத்தின் நுனியை நாக்காகச் செதுக்கி, காலில் வெட்டிய துளைக்குள் இறக்கி, அதற்குக் குறுக்கே போல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். நாக்கு பாரத்தைத் தாங்கும். போல்ட்டுக்குப் பிரியாமல் பிடிப்பது மட்டும்தான் வேலை. கடைக் கட்டிலில் நாக்கு இல்லாமல் இரும்புக் கொக்கியை வைத்திருப்பார்கள். கொக்கி கனமான தகடாக, நான்கு திருகாணியோடு இருந்தால் பரவாயில்லை. தூள் பலகையில் வெறும் திருகாணி ஏற்றியிருந்தால் அந்தக் கட்டில் ஒரு தடவை வீடு மாறுவதைத் தாங்காது: கழற்றி மாட்டும்போது துளை பெரிதாகிவிடும், பிறகு எவ்வளவு முறுக்கினாலும் ஆடும். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

பார்த்தது போதும், இனி ஆட்டிப் பாருங்கள். மெத்தையை எடுத்துவிட்டுத் தலைமாட்டுப் பலகையின் மேல் மூலையைப் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கள். பலகை மட்டும் ஆடினால் மூட்டு தளர்வு, கட்டில் முழுதும் சேர்ந்து நகர்ந்தால் மூட்டு நன்று. பிறகு நடுவில் ஒரு முழங்காலை ஊன்றி உங்கள் முழுப் பாரத்தையும் கொடுங்கள். சத்தம் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று கூட வந்தவரைக் காது வைத்துக் கேட்கச் சொல்லுங்கள். புதுக் கட்டிலில் கிறீச் சத்தம் வரவே கூடாது. பழகினால் போய்விடும் என்பார்கள், நம்பாதீர்கள். கூடத்தான் செய்யும்.

கடைசியாக மூலைவிட்டம். உள்பக்கம் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு டேப் பிடியுங்கள், பிறகு மற்ற இரண்டு மூலைகளுக்கும். இரண்டும் ஒன்றாக வர வேண்டும். 78க்கு 60 என்றால் இரண்டும் சுமார் 98½ அங்குலம் இருக்கும். அரை அங்குலம் வித்தியாசம் இருந்தால் கட்டில் சாய்சதுரமாக நிற்கிறது, மெத்தையும் சரியாக உட்காராது.

5. உட்கார்ந்து, படுத்து, எழுந்து பாருங்கள்

சுகம் என்பது உயரத்தில் தொடங்குகிறது. மெத்தையோடு சேர்த்துத் தரையிலிருந்து 18 முதல் 20 அங்குலம் பெரும்பாலோருக்குச் சரியாக வரும். ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் பதிய வேண்டும், முழங்காலைவிட இடுப்பு தாழ்ந்துவிடக் கூடாது. மூட்டுவலி உள்ள அம்மாவோ அப்பாவோ படுக்கப் போகிற கட்டில் என்றால் அவர்களையே கடைக்குக் கூட்டிப் போங்கள். கையை ஊன்றாமல் எழ முடிகிறதா என்பதுதான் அளவு. தரையோடு ஒட்டிய தாழ்ந்த கட்டில் இப்போது நிறைய விற்கிறது. வயதானவர்களுக்கு அதை வாங்காதீர்கள்.

இந்த உயரத்தைக் கணக்கிட மெத்தையின் தடிமன் தெரிய வேண்டும். ஆறங்குல மெத்தை என்றால் பட்டை 12 அங்குலத்தில் வரலாம். பத்தங்குல ஸ்பிரிங் மெத்தையை அதே கட்டிலில் போட்டால் 22 அங்குலமாகி, குட்டையானவர்களுக்குக் கால் தொங்கும். அதனால் மெத்தையை முதலில் முடிவு செய்யுங்கள். இயற்கை ரப்பர் மெத்தை கனமானது; அதற்குப் பட்டையும் நடுக் காலும் சரியாக அமைய வேண்டும்.

பக்கச் சட்டம் பட்டையைவிட ஒன்று, ஒன்றரை அங்குலம் மேலே நின்றால் மெத்தை நகராது. அதைவிட ஏறினால் உட்காரும்போது தொடையை அறுக்கும். சட்டத்தின் விளிம்பும் காலின் மூலையும் உருட்டி இழைத்திருக்க வேண்டும். இரவில் எழுந்து போகிறவரின் முழந்தாளில் இடிப்பது அந்த மூலைதான்.

கட்டிலுக்கு அடியில் எட்டு அங்குலமாவது விடுங்கள், துடைப்பமும் மாப்பும் உள்ளே போகும். அறை சிறியது, சாமான் வைக்க இடம் வேண்டும் என்று பெட்டிக் கட்டில் வாங்குகிறவர்களும் உண்டு. இடத்துக்கு அது நல்லதுதான். ஆனால் நம் மாவட்டத்தில், முக்கியமாக மேற்குப் பக்கமும் கடலோரமும், மூடிய பெட்டிக்குள் ஈரம் அடைந்துவிடும். வாங்கியே தீர வேண்டும் என்றால் பக்கவாட்டில் காற்றுத் துளை உள்ளதாக, அடிப்பலகை தரையில் படாததாக வாங்குங்கள். உள்ளே வைக்கும் கம்பளி, தலையணையை வெயில் கண்ட நாளில் எடுத்து உலர்த்துங்கள்.

கொசுவலை கட்டுகிற வீடு என்றால் நான்கு காலிலும் கம்பி செருகத் துளை போடச் சொல்லுங்கள். செய்யும்போது போட்டால் ஐந்து நிமிட வேலை. பிறகு பாலிஷ் போட்ட காலில் துளைப்பது கஷ்டம்.

6. கடையில் வாங்குவதா, ஆசாரியிடம் செய்வதா?

ஒரு வாரத்தில் வேண்டும், வாடகை வீடு, பிரித்து மாட்ட வேண்டும் என்றால் கடை. நாகர்கோவில், மார்த்தாண்டம், தக்கலை மூன்றிலும் கடைகள் நெருக்கமாக இருப்பதால் ஒரே நாளில் நாலைந்து பார்த்துவிடலாம். நேரம் இருக்கிறது, சொந்த மரம் இருக்கிறது, நீண்ட காலத்துக்கு வேண்டும் என்றால் ஆசாரிதான் என் தேர்வு. நீங்கள் கேட்ட உயரம், கேட்ட மூட்டு, கேட்ட மரம் எல்லாம் அங்கேதான் கிடைக்கும்.

ஆசாரியிடம் போகும்போது மரக்கணக்கு தெரிந்திருந்தால் பேச்சு சுலபம். அகலத்தையும் தடிமனையும் அங்குலத்தில், நீளத்தை அடியில் எடுத்துப் பெருக்கி 144-ஆல் வகுத்தால் கன அடி வரும். ஆறரைக்கு ஐந்து சாதாரணக் கட்டிலுக்குப் போட்டுப் பார்ப்போம். மூன்றுக்கு மூன்று கால்கள் நான்கும் சேர்த்துப் பத்தடி: 0.63. ஆறுக்கு ஒன்றரை பக்கச் சட்டம் இரண்டு, 13 அடி: 0.81. அதே அளவில் தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் குறுக்குச் சட்டம், பத்தடி: 0.63. நடுச் சட்டம் மூன்றுக்கு இரண்டு, ஆறரை அடி: 0.27. மூன்றுக்கு ஒன்று பட்டை 13, ஐந்தடி வீதம்: 1.35. இரண்டடி உயரத் தலைமாட்டுப் பலகை, ஒரு அங்குலத் தடிமன்: 0.83. ஆக நாலரை கன அடி. இழைப்பு, அறுப்புச் சேதம் சேர்த்து ஐந்து என்று வைத்துக்கொள்ளலாம். எட்டு கன அடி வேண்டும் என்று ஒருவர் சொன்னால் எதற்கு என்று பாகம் பாகமாகக் கேளுங்கள். சட்டத்தைக் கனமாக்கியிருந்தால் நல்லதுதான், காரணம் தெரிய வேண்டும்.

சொந்த மரத்தை வெட்டுவதானால் தேக்கு, ஈட்டி (ரோஸ்வுட்) மரங்களுக்கு அனுமதி பற்றி வனத்துறை அலுவலகத்தில் முன்னாலேயே கேட்டுவிடுங்கள். மில்லில் அறுத்த பலகையை உடனே ஆசாரியிடம் கொடுக்கக் கூடாது. தரையிலிருந்து ஒரு அடி உயர்த்தி, பலகைக்கும் பலகைக்கும் இடையே ஒரு அங்குலப் பட்டி வைத்து, மழை படாத, காற்று ஓடும் நிழலில் அடுக்க வேண்டும். ஒரு அங்குலப் பலகைக்குச் சில மாதம், மூன்று அங்குலக் கால் கட்டைக்கு ஓராண்டுக்கு மேலேயும் ஆகலாம். நம் மழையில் அவசரப்படுத்த முடியாது.

காய்ந்ததா என்று கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி உண்டு. பலகையின் நடுப்பகுதியிலிருந்து ஒரு சிறு துண்டை வெட்டிச் சமையலறைத் தராசில் நிறுங்கள். பிறகு ஓவன் அடுப்பில் 100 டிகிரி சூட்டில் வைத்து, நேரத்துக்கு நேரம் எடுத்து நிறுத்து, எடை மேற்கொண்டு குறையாமல் நிற்கும் வரை உலர்த்துங்கள். தொடக்கத்தில் 112 கிராம், கடைசியில் 100 கிராம் என்றால் ஈரம் 12 சதவீதம். 12 முதல் 14 வரை இருந்தால் வேலை தொடங்கலாம். 130 கிராம் 100-ஆக இறங்கினால் அந்த மரம் இன்னும் பச்சை. அதில் செய்த மூட்டு மாசி, பங்குனி வெயிலில் சுருங்கி விலகும்.

பாலிஷ் போடும் முன்பு வெறும் மரத்தைப் பார்த்தே தீர வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். வெள்ளைப் பகுதியும், மக்கு வைத்து அடைத்த விரிசலும், துளையும் அப்போதுதான் தெரியும். சாயம் ஏற்றிய பிறகு எல்லாம் ஒரே நிறம். பாலிஷ் வேலையை அடைமழை நாட்களில் வைக்காதீர்கள், ஈரம் அடியில் மாட்டி வெள்ளையாகப் புகைபோல் படர்ந்துவிடும். பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுப்பது இருவருக்கும் நல்லது: மரத்துக்கு ஒன்று, வெறும் மரத்தைப் பார்த்த பிறகு ஒன்று, வீட்டில் பூட்டி முடித்ததும் ஒன்று.

கடையில் வாங்கினாலும் பில்லில் ‘கட்டில் 1’ என்று மட்டும் எழுதவிடாதீர்கள். காலுக்கு, சட்டத்துக்கு, பட்டைக்கு, தலைமாட்டுக்கு என்ன மரம் என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். தேக்குக் கட்டில் என்பார்கள், பட்டை வேறு மரமாக இருக்கும். அது தப்பில்லை, சொல்லி விற்க வேண்டும். பூச்சிக்கு உத்தரவாதம் எத்தனை வருடம், வண்டி வாடகையும் பூட்டுக் கூலியும் யாருடையது என்பதும் அதிலேயே வர வேண்டும்.

7. வீட்டுக்கு வந்த பிறகு

வண்டியை அனுப்பும் முன்பு கட்டிலைப் பூட்டி, மூலைவிட்டத்தை மறுபடி அளந்து, தலைமாட்டை ஆட்டிப் பாருங்கள். நான்கு காலும் தரையில் பதிகிறதா, நடுக் கால் தொடுகிறதா என்று ஒரு தாளைச் செருகிப் பாருங்கள். தாள் ஓடினால் அந்தக் கால் பாரம் தாங்கவில்லை.

மரக் காலின் அடிப்பக்கம் தண்ணீரை உறிஞ்சும் இடம். மாப்பு போடும் ஈரம் அங்கேதான் ஏறுகிறது, கரையானும் அங்கே இருந்துதான் தொடங்கும். பூட்டும் முன்பே அந்த வெட்டு முகத்தில் இரண்டு கை வார்னிஷ் தடவி, ரப்பர் அல்லது நைலான் புஷ் மாட்டுங்கள். கடலோர வீட்டில் திருகாணியும் போல்ட்டும் ஸ்டெயின்லெஸ் ஆக மாற்றிக்கொண்டால் பிறகு கழற்றும்போது துருப்பிடித்து முறியாது. வெளிச்சுவரில் ஒட்டிப் போடாமல் நான்கு அங்குலம் தள்ளிப் போடுங்கள், மழைக்காலத்தில் அந்தச் சுவர் வியர்க்கும்.

முதல் மாதம் முடிந்ததும் எல்லா போல்ட்டையும் ஒருமுறை முறுக்குங்கள். அதன் பிறகு பங்குனியில் ஒரு தடவை, துலா மழை (ஐப்பசி மழை) ஓய்ந்ததும் ஒரு தடவை போதும். அப்போதே அடியில் டார்ச் அடித்து, தரையில் மாவுபோல் தூள் கொட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் நேர் மேலே பட்டையில் ஊசித் துளை இருக்கும். அந்தப் பட்டையை மட்டும் கழற்றி மாற்றிவிட்டு மற்றவற்றுக்கு மருந்து அடித்தால் கட்டில் பிழைக்கும். போல்ட் திருகும் சாவியை ஒரு சின்ன பிளாஸ்டிக் பையில் போட்டு, தலைமாட்டுப் பலகையின் பின்பக்கம் டேப் ஒட்டி வைத்துவிடுங்கள்.